26 அடி நடைபாதையும் இரண்டு கடிதங்களும்: ஒரு பெர்க்லி நடைச் சுற்றுலா

எடுத்ததுமே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: பத்துக்கு ஆறரை. வழிகாட்டிக்கு எட்டு, அவர் சொன்ன கதைக்கு ஐந்து. கூட்டி இரண்டால் வகுத்தேன். ஒரு கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம் மதிப்பெண் பட்டியலோடு போனது. கருணை மதிப்பெண் போட்டுப் பழக்கமில்லை.

சமாசாரம் இதுதான். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சனி, ஞாயிறு என்றால் மகளும் மாப்பிள்ளையும் எங்காவது கூட்டிப்போவார்கள். மற்ற ஐந்து நாளும் நானும் என் வீட்டுக்காரியும் ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "அப்பா, உங்களுக்குன்னே ஒண்ணு புக் பண்ணியிருக்கேன்" என்றாள் மகள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நடைச் சுற்றுலா. 1964-65 கல்வியாண்டில் அங்கே நடந்த ஃப்ரீ ஸ்பீச் மூவ்மென்ட், அதாவது மாணவர்களின் பேச்சுரிமை இயக்கம்; அந்த ஒரே ஒரு வருடம்தான் பாடம். ஆளுக்கு 25 டாலர், ஒன்றே முக்கால் மணி நேரம். நடத்துவது தனியார், பல்கலைக்கழகத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. குறை சொல்லப்போகிறேன் என்பதால் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் நடந்த தகராறைக் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுகிறார்கள் என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் வேலை பார்த்த இடத்திலும் வருடத்துக்கு ஒரு ரகளை நிச்சயம். அதற்கு யாரும் டிக்கெட் போட்டதில்லை.

ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் ஏறினால் மாறாமல் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கலாம். முக்கால் மணி நேரப் பயணம். கிளம்பும் முன் மகள் இன்னொரு காரியமும் செய்து கொடுத்தாள். அந்த வருடத்துத் துண்டறிக்கைகள், கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகம் திரட்டி, இணையத்திலும் ஏற்றி வைத்திருக்கிறது. அதை என் போனில் திறந்து கொடுத்தாள். வழி நெடுக அதைத்தான் படித்துக்கொண்டு போனேன். வீட்டுக்காரி இரண்டு முறை, "கடல் தெரியுது பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை. பழைய கோப்பு கையில் கிடைத்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

சேதர் கேட் என்ற பழைய வளாக வாயிலில் கூடச் சொல்லியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். வழிகாட்டி முதுகலை படிக்கும் பெண்; இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கணீரென்ற குரல். எங்களைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்துகொண்டு பேசினார். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை, மரத்தில் மோதவில்லை. இதற்கே இரண்டு மதிப்பெண் கொடுத்தேன்.

முதல் பத்து நிமிடம் பிரமாதம். அந்தக் காலத்தில் வளாகத்தின் தெற்கு எல்லை இந்த வாயில்தானாம். உள்ளே அரசியல் பேசக்கூடாது. அதனால் வாயிலுக்கு வெளியே நகராட்சித் தெருவில் நின்று பேசுவார்கள். பிறகு பல்கலைக்கழகம் தெற்கே இருந்த நிலத்தையும் வாங்கிக்கொண்டது. எல்லை ஒரு தெருத் தூரம் தள்ளி, பான்கிராஃப்ட் சாலையும் டெலிகிராஃப் சாலையும் சந்திக்கும் முக்குக்குப் போனது. பேசுகிறவர்களும் கூடவே இடம் பெயர்ந்தார்கள். அந்த முக்கில் செங்கல் பாவிய ஒரு நடைபாதை. அது நகராட்சிக்குச் சொந்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு, மேஜை போட்டு, உண்டியல் வைத்து, துண்டறிக்கை கொடுத்தார்கள். 1964 கோடையில்தான் யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்: அதில் 26 அடி பல்கலைக்கழகத்துடையது.

அந்த இடத்தில் நின்றதும் நான் காலால் அளந்து பார்த்தேன். என் நடையில் பத்து எட்டு. சைக்கிள் ஸ்டாண்டுக்குக்கூடப் போதாது. ஆனால் ஒரு கல்வியாண்டு முழுவதும் இந்தப் பத்து எட்டில்தான் போயிருக்கிறது.

செப்டம்பர் 14-ஆம் தேதி மாணவர் நலன் டீன் கேத்தரின் டவ்ல் ஒரு கடிதம் அனுப்புகிறார். 21-ஆம் தேதி முதல் அந்த நடைபாதையில் மேஜை போடக்கூடாது, வெளி அரசியலுக்கு ஆள் சேர்க்கக்கூடாது, நிதி திரட்டக்கூடாது. அவ்வளவுதான். இந்த அம்மையார் அதற்கு முன்பு அமெரிக்க மரைன் படையின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், கர்னல் பதவி. வழிகாட்டி இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடிதத்தை யார் தட்டச்சு செய்திருப்பார் என்றுதான் யோசித்தேன்.

ஏனென்றால் அப்படி ஒன்றை நானும் அடித்திருக்கிறேன். 1993 என்று நினைவு. நூலகத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம். வகுப்பு இல்லாத பையன்கள் அதன் அடியில்தான் நிற்பார்கள். யாரோ புகார் சொல்லி, முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "மரத்தடியில் மாணவர்கள் கூடி நிற்பது இன்று முதல் தடை செய்யப்படுகிறது" என்று ஒரு சுற்றறிக்கை எழுதச் சொன்னார். ஸ்டென்சில் வெட்டி நாற்பது பிரதி உருட்டினேன். காலையில் பலகையில் ஒட்டியது. அன்றைக்கு வரை அந்த மரத்தடியில் பதினைந்து பேருக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. மதியத்துக்குள் மொத்தக் கல்லூரியும் அங்கே இருந்தது. ஒன்பது நாள் ஸ்டிரைக்.

ஆகவே அந்தக் கடிதத்தின் அருமை எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் பெரிய விஷயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்த மேஜைகளில் பல கறுப்பின மக்களின் உரிமைக்கான மேஜைகள். அந்த மார்ச் மாதம்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஷெரட்டன் பேலஸ் ஓட்டலில், வேலைக்கு ஆள் எடுப்பதில் நிறம் பார்க்கிறார்கள் என்று மறியல் நடந்து 160-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதில் பெர்க்லி மாணவர்கள் பலர். சிலர் கோடை விடுமுறையில் மிசிசிப்பிக்குப் போய், கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உதவிவிட்டு வந்திருந்தார்கள். அங்கே அடியும் மிரட்டலும் பார்த்துவிட்டு வந்த பையனிடம், நடைபாதை நெரிசலாக இருக்கிறது, மேஜையை எடு என்றால் எடுப்பானா? வழிகாட்டி இந்தப் பகுதியை அழகாகச் சொன்னார். எட்டு மதிப்பெண் சும்மா கொடுக்கவில்லை.

அடுத்தது ஸ்ப்ரௌல் பிளாசா. நிர்வாகக் கட்டடமான ஸ்ப்ரௌல் ஹாலின் முன்னுள்ள பெரிய திடல். இன்றைக்கும் இரண்டு பக்கமும் மாணவர் மேஜைகள்தான். நடனக் குழுவில் சேரச் சொல்லி ஒரு பெண் என் கையிலும் ஒரு துண்டறிக்கையைத் திணித்தாள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதுக்காரனை ஆடக் கூப்பிடுகிறாள், வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

1964 அக்டோபர் 1-ஆம் தேதி இங்கேதான் அந்த கார் சம்பவம். இன சமத்துவ அமைப்பு ஒன்றின் மேஜையில் உட்கார்ந்திருந்த ஜாக் வைன்பெர்க்கைக் கைது செய்து போலீஸ் காரில் ஏற்றினார்கள். கணிதத்தில் மேற்படிப்பு படித்துவிட்டு நின்றவர். அப்போது மாணவர்கூட இல்லை. கார் நகர்வதற்குள் சுற்றியிருந்தவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை. உள்ளே வைன்பெர்க், வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். காரின் கூரைதான் மேடை. பேச விரும்புகிறவர்கள் வரிசையில் ஏறி ஏறிப் பேசினார்கள். மரியோ சாவியோ என்ற தத்துவ மாணவர், வயது 21, சாதாரணமாகப் பேசும்போது திக்கும். கார் மேல் ஏறியதும் சொற்பொழிவாளராகிவிட்டார். ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினாராம்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்றாள் என் வீட்டுக்காரி.

எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. அதே குளிர்காலம், 1965 ஜனவரி 25, இந்தி எதிர்ப்பு ஊர்வலம். அண்ணன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏழு வயது. இரண்டு நாள் கழித்து ராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "ஓடும்போது போயிடுச்சு" என்றான். அம்மா அந்த ஒற்றைச் செருப்பை ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன். வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன்: 32 மணி நேரம் காருக்குள் இருந்த மனிதர் ஒண்ணுக்கு எங்கே போனார்? எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல கேள்வி" என்றார் வழிகாட்டி. பதில் சொல்லாமல் அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டார். கூட வந்த ஒரு ஆஸ்திரேலியக் கிழவர் மட்டும் என் தோளைத் தட்டி, தானும் அதையே யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

திடலின் மறுபக்கம் ஒரு நீரூற்று. முழங்கால் வலி என்று வீட்டுக்காரி அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பெயர் லுட்விக் நீரூற்று. லுட்விக் என்றால் இசை மேதை என்று நினைக்க வேண்டாம், ஒரு நாய். ஜெர்மன் வேட்டை நாய் வகை. அறுபதுகளின் தொடக்கத்தில் தினமும் வந்து தண்ணீருக்குள் உட்கார்ந்துகொள்ளுமாம், மாணவர்கள் தின்னக் கொடுப்பார்களாம். 1961-இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழு முறைப்படி தீர்மானம் போட்டு ஊற்றுக்கு அதன் பெயரை வைத்தது. எதிரே இருக்கும் படிக்கட்டுக்கு மரியோ சாவியோ பெயரை வைத்தது 1997-இல். அவர் காலமாகி ஒரு வருடம் கழித்து. நாய்க்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்துவிட்டது.

திடலில் இன்னொன்று இருக்கிறது. சொல்லாவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். தரையில் ஒரு வட்டக் கருங்கல், அதன் நடுவே ஆறு அங்குல அகலத்துக்கு வெறும் மண். இந்த மண்ணும் இதற்கு நேர் மேலே உள்ள வெளியும் எந்த நாட்டைச் சேர்ந்ததும் அல்ல, எவருடைய அதிகாரத்துக்கும் உட்பட்டதல்ல என்று கல்லைச் சுற்றிப் பொறித்திருக்கிறது. மார்க் பிரெஸ்ட் வான் கெம்பன் என்ற கலைஞர் செய்தது. அந்த இயக்கத்தின் நினைவாகத்தான் வைத்தது, ஆனால் கல்லில் இயக்கத்தின் பெயர் இல்லை. என் சுண்டுவிரலை அந்த மண்ணில் வைத்துப் பார்த்தேன். விசா இல்லாமல் போய் வந்த ஒரே இடம்.

இதுவரை ஒரு மணி பத்து நிமிடம். மீதம் முப்பத்தைந்து நிமிடம். இங்கேதான் சுற்றுலா சறுக்கியது.

அக்டோபர் காரிலிருந்து நேராக டிசம்பர் படிக்கட்டுக்குத் தாவிவிட்டார். நடுவில் இரண்டு மாதம் காணோம். படிக்கட்டில் எங்களை உட்கார வைத்து, சிறிய ஒலிபெருக்கியில் சாவியோவின் டிசம்பர் 2 பேச்சைப் போட்டார். இயந்திரம் சகிக்க முடியாததாகிவிட்டால் அதன் பற்சக்கரங்களின் மேல் உடம்பைக் கிடத்தியாவது நிறுத்த வேண்டும் என்று வருமே, அந்தப் பேச்சு. மயிர்க்கூச்செறிந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு பாடகி ஜோன் பாயஸ் பாட, ஆயிரம் பேருக்கு மேல் ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் போனார்கள். உள்ளே ஒரு மாடியில் படம் ஓடியது, ஒரு இடத்தில் யூதர்களின் ஹனுக்கா வழிபாடு, ஒரு இடத்தில் படிக்கிறவர்களுக்கு அமைதி. விடியற்காலையில் ஆளுநர் பாட் பிரவுன் உத்தரவில் போலீஸ் வந்தது. ஏறக்குறைய 800 பேர் கைது. உடம்பைத் தளர விட்டவர்களைப் படிகளில் இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் சரி. ஆனால் ஏன்?

கையைத் தூக்கிக் கேட்டேன்: "அக்டோபரில் கார் விவகாரம் ஒப்பந்தத்தில் முடிந்துவிட்டதே, டிசம்பரில் எதற்கு மறுபடியும்?" பேச்சுவார்த்தை தோற்றுப்போனது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தோற்றது உண்மைதான், ஆனால் கதை அதுவல்ல. ரயிலில் படித்ததை வைத்து நான் சொல்கிறேன்.

செப்டம்பர் 30 அன்று மேஜை போட்ட ஐந்து பேரின் பெயரை எழுதிக்கொண்டு, டீன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மதியம் பார்த்தால் நானூறு பேருக்கு மேல் வந்து நிற்கிறார்கள். நாங்களும்தான் மேஜையில் இருந்தோம், எங்கள் மேலும் நடவடிக்கை எடு என்று கையெழுத்துப் போட்ட தாளோடு. நானூறு மெமோ! கார்பன் வைத்து அடித்தாலும் ஒரு வாரம் ஆகும். நிர்வாகம் எட்டுப் பேரைக் காலவரையற்ற இடைநீக்கம் செய்தது. அப்படி ஒரு தண்டனை அவர்களுடைய விதிகளிலேயே கிடையாது. நவம்பரில், சட்டப் பேராசிரியர் ஐரா ஹேமன் தலைமையிலான ஆசிரியர் குழு விசாரித்து, ஆறு பேரின் இடைநீக்கத்தை நீக்கச் சொன்னது. மற்ற இருவருக்கு ஆறு வாரம் போதும் என்றது. அந்த ஆறு வாரமும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. (இதே ஹேமன் பின்னாளில் பெர்க்லியின் சான்சலரே, அதாவது அந்த வளாகத்தின் தலைவரே, ஆனார்.) நவம்பர் 20-இல் ஆட்சிக்குழு கூடி ஓரளவு இறங்கி வந்தது. சட்டத்துக்கு உட்பட்ட காரியங்களுக்கு வளாகத்திலேயே ஆதரவு திரட்டலாம் என்றது. மாணவர்களுக்குள் பிளவு. 23-ஆம் தேதி ஒரு உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கி, சண்டை போட்டுக்கொண்டு, சாயங்காலமே கலைந்துபோனார்கள். அநேகமாகக் கதை முடிந்தது. பரீட்சை வேறு வருகிறது.

அந்த நேரம் பார்த்து, தேங்ஸ்கிவிங் விடுமுறையில், சான்சலர் எட்வர்ட் ஸ்ட்ராங் அலுவலகத்திலிருந்து நான்கு பேருக்குக் கடிதம் போகிறது. சாவியோவும் அதில் ஒருவர். அக்டோபர் 1, 2 தேதிகளில் போலீஸ் காரைச் சுற்றி நடந்த சம்பவங்களுக்காகப் புதிதாக ஒழுங்கு நடவடிக்கை. இரண்டு மாதத்துக்கு முந்தைய விஷயம், எல்லோரும் முடிந்தது என்று நினைத்த விஷயம். பிளந்து கிடந்தவர்கள் திங்கட்கிழமை ஒன்றாகிவிட்டார்கள். புதன்கிழமை டிசம்பர் 2.

இந்த இரண்டாவது கடிதம் சுற்றுலாவில் ஒரு வார்த்தைகூட இல்லை. 25 டாலர் கொடுத்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டாமா? கார் கூரையைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறீர்கள், மொத்த வருடத்தையும் திருப்பிப் போட்ட ஒரு தபாலுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

என் வேப்பமர ஸ்டிரைக் முடிந்தபிறகும் இதே மாதிரி ஒன்று நடக்க இருந்தது. மரத்தடியில் நிற்கலாம், வகுப்பு நேரத்தில் சத்தம் கூடாது என்று சமரசம் ஆகி, எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்கு முதல் நாள் சாயங்காலம், முதல்வருக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. தலைமை தாங்கிய நான்கு பேருக்கு மெமோ அடி என்றார். அடித்தேன். கையெழுத்தும் ஆயிற்று. எங்கள் கண்காணிப்பாளர் ஒரு வயதான மனிதர், பொடி போடுவார். அதை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, தபால்தலை தீர்ந்துபோச்சுல்ல?" என்றார். இருந்தது. நான் தீர்ந்துபோச்சு என்றேன். நான்கு உறையும் ஆறு நாள் என் மேஜை இழுப்பறையில் கிடந்தன. விடுமுறை முடிந்து வந்த முதல்வர், மெல்லிய குரலில், "அந்த மெமோ போயாச்சா?" என்றார். இல்லைங்க சார் என்றேன். "நல்லதாப் போச்சு, கிழிச்சுப் போட்டுடு."

பெர்க்லி தபால் பிரிவில் எங்கள் கண்காணிப்பாளர் மாதிரி ஒருவர் இருந்திருந்தால் 800 பேர் கைதாகியிருக்க மாட்டார்கள் என்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். "அப்புறம் பேச்சுரிமையும் கிடைச்சிருக்காதுப்பா" என்றாள். அதுவும் சரிதான். யோசிக்க வேண்டிய விஷயம். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏனென்றால், கைதுக்குப் பிறகு உதவி ஆசிரியர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம். 7-ஆம் தேதி கிரீக் தியேட்டரில் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் பெரிய கூட்டம் நடத்தி எல்லாவற்றையும் முடித்துவைக்கப் பார்த்தார். கடைசியில் மைக்கை நோக்கிப் போன சாவியோவைப் போலீஸ் மேடையிலிருந்து இழுத்துக்கொண்டு போக, முடித்துவைத்தது மறுபடி திறந்துகொண்டது. மறுநாள் டிசம்பர் 8, ஆசிரியர் பேரவை வாக்கெடுப்பு: 824-க்கு 115. எந்த நேரம், எந்த இடம், எந்த முறை என்று மட்டும்தான் நிர்வாகம் விதி போடலாம்; என்ன பேசுகிறார்கள் என்பதில் தலையிடக் கூடாது. அன்றைக்கு சாவியோவுக்கு 22-ஆவது பிறந்தநாள். இந்த வாக்கெடுப்பையும் வழிகாட்டி போகிற போக்கில்தான் சொன்னார், எண்ணிக்கை சொல்லவில்லை. பேராசிரியர்கள் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார்கள் என்றால் அதைவிட அதிசயம் வேறென்ன இருக்கிறது? ஆசிரியர் குழுக் கூட்டங்களுக்கு 31 வருடம் காபி எண்ணிக்கை எழுதியவன் சொல்கிறேன், அவர்கள் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதிலேயே ஒத்துப்போக மாட்டார்கள்.

ஜனவரியில் ஸ்ட்ராங் போய் மார்ட்டின் மேயர்சன் தற்காலிகச் சான்சலராக வந்தார். ஸ்ப்ரௌல் படிக்கட்டு மாணவர்கள் பேசும் இடமாக அறிவிக்கப்பட்டது. சாவியோ பின்னர் 120 நாள் சிறையில் இருந்தார். கெர்ரை, ரீகன் ஆளுநரான கையோடு, 1967 ஜனவரியில் ஆட்சிக்குழு வேலையை விட்டே நீக்கியது. அதற்கு முன்பே, 1965 வசந்த காலத்தில், கெட்ட வார்த்தை எழுதிய அட்டையைப் பிடித்து ஒருவர் உட்கார்ந்து, அதற்கொரு தனிச் சர்ச்சை. வழிகாட்டிக்கு இதில் ரொம்ப உற்சாகம்; எனக்கு இல்லை.

கடைசியாக மாஃபிட் நூலகத்தில் இருக்கும் ஃப்ரீ ஸ்பீச் மூவ்மென்ட் கஃபேவில் கொண்டுவிட்டார்கள். 2000-இல் திறந்தது. சுவரில் அந்த வருடத்துப் புகைப்படங்கள். கார், கூட்டம், அதற்கு மேலே சாக்ஸ் காலோடு நிற்கும் பையன். இதற்குப் பணம் கொடுத்தவர் ஸ்டீபன் சில்பர்ஸ்டீன். 35 லட்சம் டாலர், நூலகத்துக்கும் ஆவணங்களுக்கும் சேர்த்து. இந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே வேலை பார்த்து, பிறகு நூலகங்களுக்கான கணினி நிறுவனம் தொடங்கிச் சம்பாதித்தவர். அலுவலகத்து ஆள் ஒருவர் இந்தக் கதையில் கடைசியாகத் தலைகாட்டினாரே என்று எனக்குச் சந்தோஷம். காபி நன்றாக இருந்தது. வீட்டுக்காரி சர்க்கரை அதிகம் போட்டுக்கொண்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: வேலை நாளில், வகுப்புகள் நடக்கும் மாதத்தில் போங்கள், மேஜைகள் இல்லாத திடல் வெறும் திடல்தான். மேடு இருக்கிறது, நல்ல ஷூ வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாய் நீரூற்று இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். கார் கதைக்குப் பிறகு அவர்களுக்கு வேலை இல்லை. 25 டாலர் செலவழிக்க மனமில்லை என்றால் அந்த ஆவணங்களை இணையத்தில் படித்துவிட்டு நீங்களே போய் அந்த 26 அடியை நடந்து பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டு, நவம்பர் கடிதத்தைக் கதையில் சேர்க்குமாறு கேட்டுக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். 'பார்வை' என்பதை மட்டும் அடிக்க மறுத்தாள், நான் விடவில்லை. இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. இயந்திரம் அனுப்பியதுதான், கருத்து பதிவு செய்யப்பட்டது என்று. கீழே ஏழு இலக்கத்தில் ஓர் எண். நம் ஊர் அலுவலகக் கடிதம் மாதிரியே ந.க. எண் போடுகிறார்கள்! டைரியில் குறித்துக்கொண்டேன். பதினைந்து நாள் பார்த்துவிட்டு நினைவூட்டு அனுப்ப வேண்டும்.